சட்டத்துக்கு வெளியே

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
பிவிசி குழாய் நான்கு, எல்போ நான்கு,
மூஞ்சிக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கியது.
மூன்று வருடமாக இந்த வெள்ளைச் சட்டத்துக்குள் விழும்
புல்லும் பூண்டும்தான் என் படிப்பு.

பூண்டு என்று நான் சொல்லும்போதெல்லாம்
இன்னாசி சிரிப்பான்.
அவனுக்குப் பூண்டு என்றால் பூம்பாறைப் பூண்டு,
இந்த வாரம் கிலோ என்ன விலை என்பது.

கூக்காலுக்கு மேலே,
புல்வெளி முடிந்து சீகைமரம் தொடங்கும் சரிவில்
இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.
கணினி உதிர்த்த எண்கள் இடம் குறித்தன,
என் கால்வலி அல்ல, பாதை அல்ல, பூ அல்ல.
சில பாறைமேல் விழுந்தன.
ஒன்று காட்டுமாட்டுச் சாணத்தின் நட்டநடுவில்.
எழுதினேன்: சாணம், அறுபது விழுக்காடு.

சீகை நாற்றுக்கான பத்தி நிரம்பி வழிந்தது.
முப்பத்தேழாம் பத்தி
மேலிருந்து கீழ்வரை சுழி.

ஒரு தரை ஆர்க்கிட். விரல் உயரம்.
தமிழில் பெயரில்லை,
இருந்தால் என்னிடம் யாரும் சொல்லவில்லை.
உலர்தாவரக் கூடத்தில் பழுப்பேறிய தாளில்
ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
பூ இருந்த இடத்தில் டீக்கறையின் நிறம்.

"ஐந்துக்குக் குறைவாகப் பதிவான இனங்களை
நீக்கிவிடலாமே" என்று நெறியாளர் எழுதியிருந்தார்.
நியாயம்தான்.
ஆனால் சுழி இரண்டு வகை, ஐயா.
இல்லாததால் வருவது ஒன்று,
நான் பார்க்காததால் வருவது ஒன்று.
எழுதும்போது இரண்டும் ஒரே வட்டம்.

ஐப்பசி. மழை விட்ட ஒன்றரை மணி நேரம்.
கட்டம் நூற்று நாற்பத்து மூன்று.
மண்டியிட்டு எண்ணி முடித்து,
காலுறைக்குள் புகுந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டு,
சோற்று டப்பாவை எடுக்கத் திரும்பினால்
பையின் வாருக்கும் குழாய்க்கும் நடுவில்
அது.

ஒற்றை இலை. வெளிர்பச்சையில் ஆறு பூ,
ஏழாவது இன்னும் மொட்டு.
டேப்பை வைத்துப் பார்த்தேன்.
பதினான்கு சென்டிமீட்டர்
வெளியே.

"சட்டத்த லேசா அங்கிட்டு நகத்துனாப் போதும்ல,"
என்றான் இன்னாசி.
"யாரு பாக்கப் போறா, காட்டுமாடா?"

என் கை குழாயின் மேல்தான் இருந்தது.
அதை மறைக்கவில்லை.
ஒரு சுண்டுவிரல் போதும், அவ்வளவு லேசான குழாய்.

"உங்க ஊர்க் குலுக்குச் சீட்டுல
எடுத்த பேர மறுபடி மடிச்சுப் போடுவீங்களா?"

அட்டை கடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் சொறிந்தான்.
"போன தையில என் பேரு வரும்னு இருந்தேன், வரல.
மகளுக்குக் காதுகுத்து வேற.
இன்னொருவாட்டி குலுக்குன்னு நான் கேக்கலையே."
பிறகு அவனே பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தான்.

37: 0.

இரவு அறையில் மின்சாரம்
வந்து, போய், வந்தது.
மாதிரி நாற்பதாயிரம் முறை சுழன்றது.
தரவில்லாத இனத்துக்கு அது
அக்கம்பக்கத்து இனங்களிடம் கைமாற்று வாங்கும்.
வாங்கியதை எல்லாம் கூட்டிக் கழித்துச் சொன்னது:
கட்டம் 143, இனம் 37,
இருக்கும் வாய்ப்பு 0.31.

உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும்.
வெளியே இருப்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.
ஆனாலும் அந்தச் சரிவின் பக்கம்
சற்றே சாய்ந்து நிற்கிறது.

குறிப்பு என்ற கடைசிப் பத்தியில் எழுதினேன்:
சட்டத்துக்கு வெளியே, வடகிழக்கு, 14 செ.மீ. ஆறு பூ, ஒரு மொட்டு.
அந்தப் பத்தியை என் நிரல் வாசிப்பதில்லை.
வாசிக்காதபடி எழுதியவளும் நான்தான்.

காலையில் ஜீப் கண்ணாடியைத் துடைத்தபடி
இன்றைக்கு எந்த நம்பர் என்றான்.
நூற்றறுபது.
"அப்ப நேத்து எடத்த ஒட்டித்தான் போகணும்,"
என்றான் இன்னாசி,
சுற்றுவழி அது என்பது தெரிந்தும்.